கல்நாருக்கு ஒரு பாராட்டு விழா

நம் ஊரில் பாராட்டு விழா நடக்காத ஆளே கிடையாது. கழிப்பறைக்கு அடிக்கல் நாட்டியவருக்கு விழா எடுத்தோம். அந்தக் கழிப்பறை கட்டப்படாமலே போனபோது, முயற்சி எடுத்ததற்காக அவருக்கே இன்னொரு விழா எடுத்தோம். இவ்வளவு தாராள மனசுக்காரர்களான நாம் ஒரே ஒருவரை மட்டும் மறந்துவிட்டோம். நூறாண்டுக்கு மேலாக உலகமெங்கும் ஓய்வில்லாமல் உழைத்தவர். அவரோடு வேலைபார்த்த பாவத்துக்காக ஆண்டுதோறும் 2 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே கணக்குச் சொல்லும் அளவுக்குச் சாதித்தவர். கோழிக்கூட்டில் தொடங்கி ரேஷன் கடை, பள்ளிக்கூடம் வரை நம் தலைக்கு மேலேயே குடியிருப்பவர். பெயர் கல்நார். செல்லப் பெயர் ஆஸ்பெஸ்டாஸ். ஹார்டுவேர் கடையில் ‘சிமெண்ட் ஷீட்’ என்ற புனைபெயரில் கிடைப்பார். அவருக்கு இன்று பொன்னாடை.

தகுதி என்ன என்று கேட்பீர்கள். தீயில் வேகாது, கறையான் அரிக்காது, துரு ஏறாது, விலை மலிவு. இவையெல்லாம் சில்லறைத் தகுதிகள். கல்நாரின் பெருந்தகுதி பொறுமை. ஷீட்டை வெட்டும்போதும் உடைக்கும்போதும் துளை போடும்போதும் கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் இருக்கின்றன. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. நீளவாக்கில் பிளந்து பிளந்து இன்னும் மெலிந்துகொண்டே போகக்கூடியவை. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை எட்டிவிடும். உடம்பின் காவல் அணுக்கள் விழுங்கப் பார்க்கும். விழுங்க முடியாமல் தாமே மடியும். அந்த இடத்தில் வடு விழும். வடு தடித்துத் தடித்து நுரையீரல் விரிய மறுத்தால் அது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையிலோ வயிற்றின் உள்ளுறையிலோ புற்று வைத்தால் அது மீசோதீலியோமா. நுரையீரல், குரல்வளை, சினைப்பைப் புற்றுகளும் இவர் கணக்கில் உண்டு.

இழை உள்ளே போய் உட்கார்ந்த நாளுக்கும் நோய் வெளியே தெரியும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டு இடைவெளி. அதற்கு மேலும் ஆகலாம். ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், மூன்றாண்டுக்கு ஒரு மாறுதல் உத்தரவு, மார்ச் மாதம் ஆனால் லாபக் கணக்கு என்று ஓடும் உலகத்தில், நாற்பதாண்டு காத்திருக்கத் தெரிந்த கொலைகாரனை யார் பிடிப்பது? குத்திய நாளில் வலிக்காது. வலிக்கிற நாளில் ஆலைக்குப் பெயர் மாறியிருக்கும். பழைய வருகைப் பதிவேட்டை எலி தின்றிருக்கும். குத்துப்பட்டவர் சர்க்கார் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, ‘பீடி குடிப்பியா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பொன்னாடை போர்த்தியாயிற்று. இனி, கல்நாரின் வெற்றிக்குத் துணை நின்றவர்களுக்கு விருது வழங்கும் நேரம்.

முதல் விருது, மௌனகுரு விருது. இதற்குப் போட்டி அதிகம். 1898-லேயே பிரிட்டனின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் கல்நார்த் தூசியின் கேட்டை ஆண்டறிக்கையில் எழுதிவைத்துவிட்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்து, துகள்கள் கண்ணாடிச் சில்லுபோல் கூராக இருப்பதையும் பதிவு செய்தார்கள். 1924-ல் ராக்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற ஆலைத் தொழிலாளி இறந்தார். கல்நாரை நூலாக நூற்றவர், வயது 33. வில்லியம் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலை ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதினார். பிறகு ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயரைச் சூட்டியதும் அவரே. ஆலை நிர்வாகமோ, அப்படியொரு நோய் சட்டப் பட்டியலிலேயே இல்லையே என்று கையை விரித்தது. உயிரோடு இருந்தபோது இழப்பீடு தரவில்லை. செத்த பிறகு ஈமச் செலவுக்கும் தரவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களாம். நியாயம்தானே, எத்தனை பேர் சாகப்போகிறார்கள் என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

1935-ல் அமெரிக்கக் கல்நார்க் கம்பெனி ஒன்றின் தலைவரான சம்னர் சிம்ப்சன், ஜான்ஸ்-மான்வில் கம்பெனியின் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்நாரைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேச்சு அடிபடுகிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது என்பது அதன் சாரம். நாற்பதாண்டு கழித்து வழக்குகளில் அந்தக் கடிதக்கட்டு வெளியே வந்தது. கல்நார் வியாபாரத்தில் கடிதம்கூட நாற்பதாண்டு கழித்துத்தான் வெளியே வரும் போலிருக்கிறது. 1966-ல் பெண்டிக்ஸ் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போனார். கல்நார்ப் பொருள்களில் வேலைபார்த்து நல்ல வாழ்வு வாழ்ந்துவிட்டால், அதனாலேயே செத்தால்தான் என்ன என்று தன் சப்ளையருக்கு எழுதினார். நாம் இதைச் செஞ்சோற்றுக்கடன் என்போம். கர்ணன் பாவம், கடன் தீர்க்கக் குருக்ஷேத்திரத்துக்குப் போகவேண்டியிருந்தது. இவர்களுக்கு ஷிப்டுக்குப் போனாலே போதும்.

இரண்டாவது விருது கனடாவுக்கு, விருந்தோம்பலுக்காக. கியூபெக் மாநிலத்தில் ஒரு ஊருக்குப் பெயரே ஆஸ்பெஸ்டாஸ். அங்கே தோண்டிய கல்நாரைக் கனடா தன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. தன் நாடாளுமன்றக் கட்டடங்களின் சுவருக்குள் இருந்த பழைய கல்நாரை, கவச உடை போட்ட ஆட்களை வைத்துச் சுரண்டி எடுத்துக்கொண்டே, புதிதாகத் தோண்டியதை ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. நல்லதெல்லாம் விருந்தாளிக்கு முதலில் என்ற பண்பாடு நமக்கு மட்டும்தான் என்று இதுநாள்வரை தப்பாக நினைத்துவிட்டோம். 2011-ல் சுரங்கங்கள் நின்றன. 2018 இறுதியில் கனடா கல்நாரைத் தடை செய்தது. 2020-ல் அந்த ஊரும் பெயரை மாற்றிக்கொண்டது. பழைய பெயரைச் சொன்னால் முதலீட்டாளர் வர யோசிக்கிறார்களாம். அங்கிருந்து வந்த மூட்டையைப் பிரித்த நம் ஊர்க்காரருக்கு மாற்றிக்கொள்ள வேறு நுரையீரல் இல்லை.

ரஷ்யாவை விட்டால் கோபித்துக்கொள்ளும். உரால் மலைப்பக்கம் அஸ்பெஸ்ட் என்றே ஒரு நகரம், அதை ஒட்டிப் பிரம்மாண்டமான திறந்தவெளிச் சுரங்கம். 2018-ல் அந்தச் சுரங்கக் கம்பெனி தன் கல்நார்ப் பொதிகளில் அமெரிக்க அதிபர் டிரம்பின் முகத்தை முத்திரையாகக் குத்தி, அவர் அங்கீகரித்த சரக்கு என்று படம் போட்டுக்கொண்டது. மளிகைக்கடை மிளகாய்த்தூள் பாக்கெட்டில் நடிகை படம் போடும் நமக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே அமெரிக்கா 2024-ல், இன்றும் சந்தையில் இருக்கும் வகையான வெள்ளைக் கல்நாருக்குத் தடை விதித்தது. பொதிகள் வேறு துறைமுகம் தேடவேண்டும். எந்தத் துறைமுகம் என்று சொல்லவும் வேண்டுமா? உலகில் மிக அதிகமாகக் கல்நார் இறக்குமதி செய்யும் நாடு நம் பாரத தேசம். ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல்.

மூன்றாவது விருது, சிறந்த பூச்சிக்கானது. இலங்கையில் திரும்பின பக்கமெல்லாம் கல்நார்க் கூரை. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது என்று அந்த நாட்டு அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், ரஷ்யாவுக்குப் போன இலங்கைத் தேயிலைச் சரக்கு ஒன்றில் காப்ரா வண்டு ஒன்று இருந்ததாக ரஷ்ய அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். தானியக் கிடங்குகளை அரிக்கும் வண்டு அது. உடனே இலங்கைத் தேயிலை மொத்தத்துக்கும் தடை. இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று ரஷ்யா. ரஷ்யக் கல்நாரை வாங்கும் நாடுகளில் ஒன்று இலங்கை. சில நாளில் இலங்கை அரசு கல்நார்க் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் ரஷ்யாவின் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டையும் முடிச்சுப் போடுவது நம்முடைய கெட்ட புத்தி.

வண்டின் சாதனையை இன்னும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். அந்தத் தேயிலையை மலையகத்தில் பறிப்பவள் தமிழச்சி. நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்கு என்று அவள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்றாள். அரசாங்கம் பேசியது, கம்பெனிகள் பேசின, தொழிற்சங்கங்கள் பேசின, ஒன்றும் நகரவில்லை. லட்சம் பேர் கூடியும் அசையாத அரசு இயந்திரத்தை ஒரு வண்டு, ஒரே ஒரு வண்டு, பத்து நாளில் புரட்டிப் போட்டது. கொழுந்து பறிப்பவளின் குரல் கொழும்பை எட்ட எத்தனை காலம் ஆகும் என்று இனிமேல் யாரும் கேட்காதீர்கள். வண்டாகப் பிறந்திருந்தால் அன்றைக்கே எட்டியிருக்கும்.

நான்காவது, ராஜதந்திர விருது. நாமே வாங்கிக்கொள்ளலாம். ரோட்டர்டாம் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. அது ஆபத்தான சரக்கைத் தடை செய்யச் சொல்வதில்லை. இதில் ஆபத்து இருக்கிறது, தெரிந்துதான் வாங்குகிறாயா என்று வாங்கும் நாட்டை முன்கூட்டியே கேட்கச் சொல்கிறது, அவ்வளவுதான். மற்றக் கல்நார் வகைகள் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. இன்று விற்பனையாகும் ஒரே வகையான வெள்ளைக் கல்நாரை மட்டும் ஏற்ற முடியவில்லை. ஏற்றுங்கள் என்று உடன்படிக்கையின் அறிவியல் குழு 2006 முதல் சொல்கிறது. எல்லா நாடும் ஒப்பினால்தான் ஏறும் என்பது விதி. 2011-ல் ஜெனீவாவில் இந்தியா சம்மதம் என்றது; அரங்கம் கைதட்டியது. அன்றைக்குக் கனடா குறுக்கே நின்றது. 2013-ல் கனடா ஒதுங்கியது; காலியான இடம் வீணாகக் கூடாதே என்று இந்தியா போய் எதிர்ப்பு வரிசையில் நின்றுகொண்டது. சிகரெட் பெட்டியில் அழுகிய வாயின் படத்தைப் போடவைத்த அதே நாடுதான், கல்நார் மூட்டைக்கு ஒரு வரி எச்சரிக்கை வேண்டாம் என்கிறது.

இதே இந்தியாவில் 1986 முதல் கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதுக் குத்தகை கிடையாது. ஏனென்றால் கல்நார் ஆபத்தானது. ஜார்க்கண்டின் ரோரோ மலையில் 1980-களில் கைவிடப்பட்ட சுரங்கத்தின் கழிவு மலையாகக் குவிந்து கிடந்து, மழைக்கு மழை வயலுக்கு இறங்கிவந்ததை நாடு பார்த்தது. நம் மண்ணில் தோண்டினால் எமன். கப்பலில் வந்து இறங்கினால் கட்டுமானப் பொருள். துறைமுகச் சுங்கத்தில் ஞானஸ்நானம் கொடுக்கிறார்களோ என்னவோ.

ஐந்தாவது விருது கடிகாரத்துக்கு. இத்தாலியில் காசாலே மொன்ஃபெராட்டோ என்ற ஊரில் எடெர்னிட் கம்பெனியின் கல்நார் சிமெண்ட் ஆலை 1986-ல் மூடியது. ஆலைக்குள் வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, அவர்கள் துணியைத் துவைத்த மனைவிமார், அந்த ஊர்க் காற்றைச் சுவாசித்தவர் என்று சாவு வரிசைகட்டி வந்தது. 2012-ல் டூரின் நீதிமன்றம் ஆலையை நடத்திய சுவிஸ் கோடீஸ்வரர் ஸ்டீபன் ஷ்மிட்ஹெய்னிக்கு 16 ஆண்டு சிறை விதித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அது 18 ஆனது. 2014-ல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆலை மூடி வெகுகாலம் ஆகிவிட்டதால் வழக்கு காலாவதி என்று தீர்ப்பை ரத்து செய்தது. நோய்க்குக் காலாவதி இல்லை, வழக்குக்கு உண்டு. வேறு குற்றப்பிரிவில் தொடுத்த வழக்கில் 2023-ல் மறுபடி தண்டனை வந்தது, அதற்கும் மேல்முறையீடு. அதற்குள் சாட்சிகள் சாவார்கள். கல்நார் வழக்கில் சாட்சி சொல்ல வருபவர்தான் பிணமும்.

இத்தாலியைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. 1995 ஜனவரி 27 அன்று நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டம் தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வு பெற்ற பிறகு 15 ஆண்டு, இதில் எது பிந்தையதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. நோய் கண்டவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. அருமையான தீர்ப்பு. கல்நாரின் பொறுமையைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு. ஒப்பந்தக்காரரின் நோட்டில் ‘ஆள் 6’ என்று மட்டும் எழுதப்பட்டவனுக்கு, பெயரே இல்லாதவனுக்கு, எந்த அலமாரியில் 40 ஆண்டுப் பதிவேடு இருக்கிறது என்பதை மட்டும் யாராவது காட்டினால் விழா மேடையிலேயே அவருக்குத் தனிக் கேடயம் தரலாம்.

இந்த விழாவின் தலையாய விருது ஒரு வாக்கியத்துக்குப் போகிறது. ‘இந்தியாவில் அப்படியெல்லாம் நோய் இல்லையே’ என்ற வாக்கியத்துக்கு. கல்நாரைக் காப்பாற்றியதில் இதற்கு இணை கிடையாது. மந்திரியும் சொல்வார், மில் மேனேஜரும் சொல்வார். பிரிட்டன் எல்லா வகைக் கல்நாரையும் 1999-ல் நிறுத்திவிட்டது. நிறுத்திக் கால் நூற்றாண்டு ஆன பிறகும் அங்கே ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதீலியோமாவில் சாகிறார்கள். அவர்களைவிடப் பல மடங்கு மக்கள்தொகை கொண்ட நாட்டில், உலகிலேயே அதிகக் கல்நாரைக் கொண்டுவந்து கொட்டும் நாட்டில், நோய் இல்லையாம். நம் நுரையீரல் என்ன வஜ்ஜிரத்திலா வார்த்தது?

நோய் இல்லாமல் இல்லை. எண்ணும் ஆள்தான் இல்லை. மீசோதீலியோமா வந்தவருக்கு முதலில் மூச்சு வாங்கும், விலாவில் வலிக்கும், நெஞ்சில் நீர் கோக்கும். நெஞ்சில் நீர் என்றால் நம் ஊரில் காசநோய் மாத்திரை. ஆறு மாதம் மாத்திரை ஓடும். நீரை எடுப்பார்கள், மறுபடி கோக்கும். திசுவை எடுத்து, தனிச் சாயம் ஏற்றி, அனுபவமுள்ள நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்தால்தான் இது இன்ன புற்று என்று சொல்ல முடியும். அந்த வசதி பெருநகரத்தில். நோயாளி இருப்பதோ அரக்கோணத்துக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்தில். கண்டுபிடித்தாலும் பலருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான் மிச்சம். அதற்குள் நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, கடைசியில் ஊருக்கே கொண்டுவந்து படுக்கவைப்பார்கள். இறப்புச் சான்றிதழில் ‘மூச்சுத்திணறல்’ என்று இருக்கும், அல்லது ‘மாரடைப்பு’. முப்பது வருஷத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். புற்றுநோய்ப் பதிவகங்களோ நாட்டின் மக்கள்தொகையில் ஒரு சிறு பகுதியைத்தான் எட்டுகின்றன. இப்படி நாலாபுறமும் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று அறிக்கை கொடுக்கிறார்கள். கேட்க ஆளில்லாதவன் சாவு கணக்கில் வராது என்பதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம்.

ஒருமுறை ஆராயவும் செய்தார்கள். 2000-களில் மைய அரசு அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. செலவில் ஒரு பங்கைக் கல்நார்த் தொழில்துறையே ஏற்றுக்கொண்டது. பெண்ணைப் பற்றி விசாரித்து வர, பெண்வீட்டாரே தரகருக்குப் பஸ் காசு கொடுத்தனுப்பிய கதைதான். இன்னொரு பக்கம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெள்ளை உட்பட எல்லாக் கல்நாரும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அதற்கு யாரும் பஸ் காசு கொடுக்கவில்லை. அதனால் நம்மவர்கள் அதை நம்புவதில்லை.

ஆறுதல் பரிசாக ஒரு மந்திரத்துக்கும் மாலை போடவேண்டும்: ‘பாதுகாப்பாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை.’ இந்த மந்திரம் வேலை செய்யும் அழகைப் பார்க்க ஏசி அறைக்குப் போகவேண்டாம், உங்கள் தெருவுக்கு வாருங்கள். மாடியில் ஷீட் போடும் வேலை. இரும்புப் பைப்பின் மேல் ஷீட் அரையடி நீட்டிக்கொண்டிருக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டிய பையன் கட்டிங் மெஷினை எடுக்கிறான். வயது இருபது இருக்கும். வாயில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்கிறான். மெஷின் அலறுகிறது. வெள்ளைப் புகை ஆளுயரத்துக்கு எழும்பி அவனை மறைக்கிறது. நின்றதும் புருவம், இமை, காது மடல் எல்லாம் மாவு பூசியமாதிரி வெளுத்திருக்கிறது. துண்டை அவிழ்த்து உதறுகிறான். அதாலேயே முகத்தைத் துடைக்கிறான். அடுத்து ஜே-போல்ட்டுக்கு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு கைப்பிடித் தூசி. கீழே வீட்டுக்கார அம்மா தென்னந்துடைப்பத்தால் பெருக்கி, வெட்டுத் துண்டுகளைக் கீரைப் பாத்திக்கு வரப்பாக நட்டுவைக்கிறார். சாயங்காலம் அவன் அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போகிறான். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. இதுதான் ‘பாதுகாப்பான பயன்பாடு’. மந்திரத்தை எழுதியவர் இந்த மாடியில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மெஷின் பிடிக்கட்டும்.

உடனே அடுத்த பல்லவி வரும்: ‘ஏழைகளின் கூரையைப் பறிக்காதீர்கள்.’ அடடா, ஏழை மேல் எத்தனை கரிசனம்! கூலியை உயர்த்தச் சொன்னால் வராத கரிசனம், வீட்டுமனைப் பட்டா கேட்டால் வராத கரிசனம், கல்நாரை நிறுத்து என்றதும் கண்ணீராகக் கொட்டுகிறது. கல்நாருக்குப் பதிலாகச் செயற்கை இழையும் மரக்கூழ் இழையும் கலந்த சிமெண்ட் ஷீட் உலகத்தில் பல்லாண்டாக இருக்கிறது. நம் நாட்டின் கல்நார் ஷீட் கம்பெனிகளில் சிலவே கல்நார் கலக்காத தகடுகளையும் தயாரித்து விற்கின்றன. செய்யத் தெரியாமல் இல்லை. இது மலிவு, சாகிறவன் கேட்கமாட்டான், அதனால் செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் ஆப்பிரிக்கா எல்லாம் தடை செய்துவிட்டன. நேபாளம் தடை செய்துவிட்டது. நேபாளத்தில் ஏழைகள் இல்லையா?

விழா முடிந்தது. மேடையைப் பிரிப்பதற்கு முன் சில வார்த்தை நேராகவே சொல்லிவிடுகிறேன், இதில் கிண்டல் இல்லை.

உங்கள் வீட்டில் கல்நார் ஷீட் இருந்தால் இன்றைக்கே பதறி உடைத்துப் போடாதீர்கள். உடையாத ஷீட் சும்மா இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதுதான் இழை பறக்கும். அதில் ஓட்டை போடாதீர்கள், அறுக்காதீர்கள், கம்பித் தூரிகையால் சுரண்டிப் பெயிண்ட் அடிக்காதீர்கள். கழற்றியே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். தூக்கிக் கீழே எறிய விடாதீர்கள். துண்டும் துணி மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது. வேலை செய்பவருக்கு அதற்கென்று உள்ள முகக்கவசம் வேண்டும். உதிர்ந்த தூசியை உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உடைந்த துண்டைப் பள்ளம் நிரப்பவோ பாத்தி கட்டவோ கொடுக்காதீர்கள். கனமான பாலிதீனில் சுற்றிக் கட்டுங்கள். புயலுக்குப் பிறகு தெருவில் கிடக்கும் ஷீட் துண்டுகளைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷீட் ஆலை, கொதிகலன் காப்புவேலை, கப்பல் உடைப்பு, பழைய கட்டடம் இடிப்பது, பிரேக் டிரம்மைக் கழற்றி ஏர் அடிப்பது என்று எப்போதாவது வேலை பார்த்திருந்தால், மூச்சு வாங்கும்போது அதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய வேலையானாலும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கணவரின் வேலைச் சட்டையைத் துவைத்த பெண்களும் சொல்லுங்கள். கல்நாரோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் ஆபத்து பல மடங்காகும்; பீடி, சிகரெட்டை விடுங்கள். கல்நார் நோய்கள் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளவை. இழப்பீடு கேட்பது பிச்சை அல்ல, உரிமை. ஆலையில் வேலை பார்த்ததற்கு உள்ள சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் தாள் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்குக் கல்நார்க் கூரை என்றால் அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று, எப்போது மாற்றுவீர்கள் என்று தேதி கேளுங்கள். தீர்மானமாக எழுதவையுங்கள்.

கல்நாரின் கணக்கு வேறு மாதிரியானது. நாளைக் காலையே இந்தியா முழுக்க அதை நிறுத்தினாலும், இதுவரை உள்ளே போன இழைகள் தங்கள் வேலையை முடிக்க இன்னும் நாற்பதாண்டு எடுக்கும். 2060-களிலும் நாம் பிணம் எண்ணிக்கொண்டிருப்போம். நாளை நிறுத்தாமல் பத்தாண்டு கழித்து நிறுத்தினால் அந்த எண்ணிக்கை 2070-களுக்கும் நீளும். அப்போது சாகப்போகிறவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.